படிகார வாளி

மீன்தொட்டி கழுவுகிற அந்த மனிதரின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். அதுவே அவருக்குப் பேராகவும் ஆகிவிட்டது. கடையில் வாங்கிய செடியை யாராவது நேராகத் தொட்டிக்குள் இறக்கிவிட்டால் பூதக்கண்ணாடிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். இலையின் அடியில் பசை மாதிரி ஒட்டியிருக்கும் நத்தை முட்டை யார் கண்ணில் படுகிறது? மாதம் திரும்புவதற்குள் தொட்டி முழுக்க நத்தை. அப்புறம் குய்யோ முறையோ என்று இவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அவர் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்து முட்டையை நகத்தால் வழித்தெடுப்பார். பிறகு படிகாரம் கரைத்த வாளியில் செடியை இரண்டு நாள் ஊறப் போடுவார். ப்ளீச் ஊற்றுகிறவர்களைக் கண்டாலே ஆகாது. நத்தையோடு செடியும் வெந்துபோகும் என்று திட்டுவார். ஊறியதை மூன்று தண்ணீரில் அலசி, வெறும் டப்பாவில் ஒரு வாரம் வைத்துப் பார்த்த பிறகுதான் தொட்டிக்குள் விடுவார். பெண் பார்க்க வந்தபோது தன்னைக்கூட இவ்வளவு நேரம் பார்க்கவில்லை என்று மனைவி சொல்லிச் சிரிப்பாள். இத்தனை காவல் இருந்தும் அவர் வீட்டுக்கே கேடு வந்தது. நத்தையால் அல்ல.

வீட்டில் ஒரே ஒரு தங்கமீன், பதினோரு வயது. மகள் கல்யாணமாகிப் போன பிறகு மனைவிக்கு அதுதான் பேச்சுத் துணை. தண்ணீரில் விரலை வைத்தால் வந்து முட்டும். அதற்கு நிழல் வேண்டும் என்று அவள் கேட்டதால்தான் செடிகளே அந்த வீட்டுக்கு வந்தன.

குழாய்த் தண்ணீரின் மருந்து வாடை போவதற்காகக் குளியலறையில் எப்போதும் ஒரு வாளித் தண்ணீரை ஒரு நாள் நிறுத்தி வைப்பார்கள். அன்று அதன் பக்கத்தில் படிகார வாளியும் நின்றது. புதுச் செடிகளை எடுத்து அலசி முடித்த நேரத்தில், ஒரு டாக்டர் வீட்டில் தொட்டி ஒழுகுகிறது என்று போன் வந்தது. செடிகளை டப்பாவில் போட்டுவிட்டு, படிகார வாளியைக் கொட்டாமலே ஓடினார். இருபது வருஷத்தில் செய்யாத தப்பு. விதியின் மேல் பழியைப் போட முடியாது, பாழாய்ப்போன அவசரம்தான்.

மதியம் திரும்பியபோது, காலையில் தண்ணீர் குறைந்திருந்த தொட்டி விளிம்பு வரை நிறைந்திருந்தது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. குளியலறைக்கு ஓடினார். ஒரு வாளி காலி. மிச்சமிருந்த வாளித் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தார். துவர்க்கவில்லை, படிகாரத் தண்ணீர் அதுவல்ல.

"தண்ணி கொறைஞ்சிருந்துச்சுங்க, நாந்தான் ஊத்தினேன்," என்றாள் மனைவி. "ரெண்டுல எது நல்லாத் தெளிஞ்சிருந்துச்சோ, அதைப் பாத்து ஊத்தினேன்."

தண்ணீரைத் தெளிய வைப்பதுதான் படிகாரத்தின் வேலை.

மீனை நல்ல தண்ணீருக்கு மாற்றிக் காற்றுக் குழாயை வைத்தார். அவள் விரலை நீட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அது வரவில்லை. சாயங்காலம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, பிறகு அசையவே இல்லை.

"ஏங்க, நான் ஊத்தின தண்ணியில ஏதாவது..." என்று இழுத்தாள்.

"தண்ணியில ஒண்ணுமில்ல," என்றார். "போன மாசம் வெச்ச செடியில நத்தை இருந்திருக்கு. அதுல வந்த சீக்கு. நான் சரியாப் பாக்கல."

"உங்க கண்ணைத்தானே நம்பியிருந்தேன்," என்றாள். "அந்தச் செடியெல்லாம் இனிமே இந்த வீட்டுல இருக்கக் கூடாது."

தொட்டியிலிருந்தும் டப்பாவிலிருந்தும் ஒன்று விடாமல் எடுத்துக்கொண்டு போய்த் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டார். ஓர் இலையில்கூட முட்டை இல்லை.