கால்குலேட்டருக்கு இரண்டு வழி

நான் ஒரு பொருளைத் திறந்தால் திரும்ப மூட மாட்டேன் என்பது என் மனைவியின் தீர்ப்பு. மிக்சி, சுவர்க் கடிகாரம், டேபிள் ஃபேன் என்று சாட்சிகள் பரணில் கிடக்கின்றன. அதனால் தன் கால்குலேட்டரை என்னிடம் நீட்டியபோது அவள் கை வந்ததே தவிர விரல்கள் விடவில்லை.

ஊரப்பாக்கத்தில் வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள் அவள். மார்பளவை நான்கால் வகுக்கவும் தையலுக்கு விட வேண்டியதைக் கூட்டவும் அந்தப் பாக்கெட் கால்குலேட்டர்தான். சாக் தூள் படிந்த விரலுக்குப் போன் திரை மசியாது. ஆனால் உள்ளே இருந்த இரண்டு பொத்தான் செல்களும் கத்தரிக்கோலை எடுக்கும் நேரம் பார்த்துத்தான் மங்கும்.

"கெடுத்துட்டு, வேற வாங்கிக்கலாம்னு மட்டும் சொல்லாதீங்க. தையல் கத்துக்கிட்ட நாள்லேர்ந்து கூட இருக்கு" என்றாள்.

காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியின் எலெக்ட்ரானிக்ஸ் லேபில் வேலை பார்க்கிறவனுக்கு ரோஷம் வராதா? பின்பக்கம் பென்சில் செல் இரண்டுக்கு ஒரு பெட்டி ஒட்டினேன். பக்கவாட்டில் அடாப்டர் பின் செருக ஒரு சாக்கெட் வைத்தேன். எங்கள் லேபில் செய்கிற முறைதான்: பின் உள்ளே போனால் செல்லின் இணைப்பு விட்டுப்போகும், செல் வீணாகாது. மூடி, ஒரு ஸ்க்ரூகூட மிஞ்சவில்லை என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.

மறுநாள் ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு ரவிக்கை. துணியை விரித்து, அடாப்டர் பின்னைச் செருகி, கணக்குப் போட்டு, சாக்கை எடுத்தாள். கரண்ட் போனது. ஃபேன் நின்றது; திரையில் இருந்த எண்ணும் போய்விட்டது.

"கரண்ட் போனா கைகொடுக்கத்தானே செல்லு வெச்சீங்க? அதுவும் கூடவே போயிடுச்சே!"

பின்னைப் பிடுங்கினால் செல்லில் ஓடும் என்றேன்.

"போட்ட கணக்கு? அது எங்க ஓடும்?"

அப்போதுதான் உறைத்தது. லேபில் கரண்ட் போனால் கண் மூடித் திறப்பதற்குள் ஜெனரேட்டர் வந்துவிடும். அதிலேயே இருந்து பழகியவனுக்கு வீட்டில் கரண்ட் போகும் என்பதே மறந்திருக்கிறது! பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அவள் திட்டவில்லை. கால்குலேட்டரை என் பக்கம் தள்ளிவிட்டுக் காகிதத்தில் வகுக்க உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. பரணுக்கு இன்னொரு சாட்சி ஏறிவிடுமோ என்று நிஜமாகவே பயந்தேன்.

அன்று மாலையே மறுபடி திறந்தேன். செல்லைத் துண்டிக்கிற வேலையை எடுத்துவிட்டு, ஒரு பக்கம் மட்டும் கரண்ட் விடுகிற டயோடு இரண்டு போட்டேன். அடாப்டருக்கு ஒன்று, செல்லுக்கு ஒன்று. ஒன்று நின்றால் மற்றது தானாகவே ஏற்றுக்கொள்ளும். சொல்லிப் பார்த்தேன். அவள் "ம்" என்றாள்.

ஞாயிறு காலை குளித்துக்கொண்டிருந்தபோது விளக்கு அணைந்தது. சோப்புத் தலையோடு கத்தினேன். பதிலுக்கு மெயின் சுவிட்ச் சத்தம்தான் கேட்டது. விளக்கு எரிந்தது, மறுபடி அணைந்தது, மறுபடி எரிந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து பார்த்தால், அவள் கை மெயின் சுவிட்சில், கண் எதிரே மேசையில் இருந்த கால்குலேட்டரில். எண் அப்படியே நின்றிருந்தது.

பாராட்டெல்லாம் இல்லை. நேராகப் போய்த் தையல் மிஷினின் உறையை எடுத்தாள். இத்தனை வருஷத்தில் நான் தூசு தட்டக்கூட அனுமதி இல்லாத மிஷின் அது.

"மோட்டார் கொஞ்ச நாளா இரையுது. திறந்து பாருங்க" என்று ஸ்க்ரூடிரைவரை அவளே எடுத்து நீட்டினாள். தலை துவட்டவும் தோன்றாமல் சிரித்துக்கொண்டே வாங்கினேன்.