டைப் கிளாசுக்குத் தாளம் போட்டவர்

என் வீட்டு ஷோகேஸில் ஒரு டிரம் குச்சி இருக்கிறது. ஒன்றே ஒன்றுதான். அதன் ஜோடியை, அடக்கம் செய்த அன்று அப்பாவின் கோட்டுப் பையில் செருகி அவரோடேயே அனுப்பிவிட்டோம். என் பேரன் இதை எடுத்து முதுகு சொறிந்துகொள்ளும்போது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "சும்மா ஒரு குச்சிக்கு ஏன் பாட்டி இப்படி குதிக்கறே?" என்பான். சும்மா ஒரு குச்சியாம்! அந்தக் குச்சி இல்லாவிட்டால் காக்ஸ் டவுனில் அந்தக் காலத்தில் பாதிப் பெண்கள் வேலைக்கே போயிருக்க மாட்டோம்.

அப்பா கன்டோன்மென்டில் துரைமார் கிளப்பில் டிரம் வாசித்தவர். வெள்ளைக்காரர்கள் கப்பலேறியதும் கிளப்பில் நடனமும் நின்றது, அப்பாவின் சம்பளமும் நின்றது. பட்லர், சமையல்காரர், ஆயா என்று எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இதே கதைதான். அப்போதுதான் நாங்கள் எல்லோரும் மிஸ் என்று கூப்பிடும் டீச்சர், சர்ச்சுக்குப் பின்னால் சும்மா கிடந்த ஹாலைக் கேட்டு வாங்கி வகுப்பு ஆரம்பித்தார். இன்று அங்கே சமுதாயக் கல்லூரி என்று பெரிய போர்டு தொங்குகிறது. அன்று போர்டும் இல்லை, ஒன்றும் இல்லை. 'மிஸ் கிளாஸ்' என்றால் ஜட்காக்காரருக்குக்கூடத் தெரியும். முதலில் தையலும் டைப்பிங்கும்தான் இருந்தன. பிறகு ரேடியோ ரிப்பேர் வந்தது, அதற்கப்புறம் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி வந்தது. தெருவில் யாருக்கு எந்த வேலை கிடைக்கும் என்று விசாரித்து விசாரித்து மிஸ் ஒவ்வொன்றாகச் சேர்த்தார். வயதும் கேட்க மாட்டார், எத்தனாவது படித்தாய் என்றும் கேட்க மாட்டார். "வேலை போனவங்ககிட்ட வயசு கேட்டு என்ன பண்றது?" என்பார்.

அப்படித்தான் நானும் அப்பாவும் ஒரே டைப் கிளாசில் சேர்ந்தோம். சுற்றிலும் என் வயதுப் பெண்கள். நடுவில் நரைத்த மீசையோடு அப்பா. பரீட்சையில் தேறினால் ஒரு கம்பெனியில் அவரை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அம்மா பச்சையாகச் சொல்லிவிட்டாள்: "பாஸ் பண்ணா டிரம்மு வீட்ல இருக்கட்டும். இல்லேன்னா வித்துடுங்க. புள்ளைங்களுக்கு அதையா ஆக்கிப் போட முடியும்?" அப்பாவோ தினமும் காலையில் டிரம்மைத் துடைத்துவிட்டுத்தான் கிளாசுக்குக் கிளம்புவார்.

விரல்கள் ஒரே சீராக விழவேண்டும் என்பதற்காக மிஸ் கிராமபோனில் பட்டாளம் நடைபோடும் மார்ச் இசைத்தட்டு போடுவார். ஒருநாள் அதன் ஸ்பிரிங் போய்விட்டது. மிஸ் கைதட்டிப் பார்த்தார். எங்கள் விரல்கள் ஆளுக்கு ஒரு பக்கம் ஓடின. அப்பா மெல்ல எழுந்தார். கோட்டுப் பையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து மேஜை விளிம்பில் தட்ட ஆரம்பித்தார். அடடா, அந்தத் தட்டு! விரல்கள் தாமாகவே அதன் பின்னால் போயின. என் பக்கத்து மெஷினில் இருந்த பட்லர் மகள் பயந்து பயந்து ஒற்றை விரலால் குத்திக்கொண்டிருந்தவள். அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பத்து விரலையும் போட்டு அடித்தாள். அன்றிலிருந்து அப்பா பாதி நேரம் தட்டுவார், பாதி நேரம் டைப் அடிப்பார். "வாசிக்கிறவன் தப்பு பண்ணலாம்மா, நிறுத்தக் கூடாது. நிறுத்தினா ஆடறவங்க கால் தடுக்கிடும்" என்பார்.

பரீட்சை ஹாலில் குச்சிக்கு அனுமதி இல்லை. வெளியூரிலிருந்து வந்த பரீட்சை அதிகாரி மணியை அடித்ததும் ஹாலே தடுமாறியது. பட்லர் மகள் மறுபடி ஒற்றை விரலுக்கே போய்விட்டாள். அப்போதுதான் பின்வரிசையிலிருந்து அப்பாவின் மெஷின் சத்தம் கேட்டது. குச்சியால் தட்டுவாரே, அதே நடை. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டோம். கடைசி மணிவரை அந்தச் சத்தம் ஒரு இடத்திலும் தளரவில்லை.

நாங்கள் எல்லோரும் தேறினோம். அப்பா மட்டும் தோற்றார். வலது கை ஒரு கீ தள்ளி உட்கார்ந்துவிட்டதாம்; தாள் முழுக்க ஒரு வரிகூட ஒழுங்காக இல்லை. "ரெண்டாவது வரியிலேயே தெரிஞ்சுபோச்சும்மா" என்று வீட்டில் சாதாரணமாகச் சொன்னார். வேறு தாள் மாற்றிக்கொண்டு முதலிலிருந்து அடிக்கலாமே, அதற்குத்தான் அனுமதி உண்டே என்று நான் கத்தினேன். "மாத்தறதுக்குள்ள நீங்கள்லாம் நின்னுடுவீங்களே" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பேச்சு பேச்சுதான். அடுத்த வாரமே சிவாஜி நகரிலிருந்து கல்யாண பேண்டு பாய் வந்து டிரம்மைத் தூக்கினார். "குச்சி எங்கே சாப்?" என்று கேட்டார். "தொலைஞ்சு போச்சு பாய்" என்றார் அப்பா, கோட்டுப் பையைக் கையால் பொத்திக்கொண்டு. பாய் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மிஸ் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்தார். "நீங்க அன்னிக்கு பண்ணதுக்கு மார்க் போட எந்தப் பரீட்சையிலும் இடம் இல்ல. ஆனா நீங்க இல்லாம என்னால கிளாஸ் நடத்த முடியாது. நாளைக்கே வந்துடுங்க, சம்பளம் கொஞ்சம்தான்" என்றார். அப்பா அம்மாவைப் பார்த்தார். "என்னை ஏன் பாக்கறீங்க? போங்க" என்றாள் அம்மா. முடியாமல் படுக்கும்வரை அப்பா அந்த மேஜையில் தட்டினார். அந்த விளிம்பில் பள்ளமே விழுந்துவிட்டது.

போன மாதம் கல்லூரியில் பழைய மாணவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் குச்சியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். பட்லர் மகளை அவள் மருமகள் அழைத்து வந்திருந்தாள். அவளுக்கு இப்போது நினைவு சரியாக இல்லை. நான் யார் என்று என்னையே இரண்டு தடவை கேட்டாள். ஹாலில் கம்ப்யூட்டர்கள் வரிசையாக இருந்தன. பிள்ளைகள் சத்தமே இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் அந்த மேஜை கிடந்தது, மேலே பூ ஜாடி. அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளத்தில் குச்சியை வைத்துத் தட்டினேன். பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே.

பக்கத்து நாற்காலியில் பட்லர் மகளின் பத்து விரலும் மடியில், புடவைமேல், சீராக விழ ஆரம்பித்தன. என் மணிக்கட்டு விண்ணென்று வலித்தது. நான் நிறுத்தவில்லை.