சீசர் பேத்தை தின்ற சனிக்கிழமை

எழுபத்து நான்காம் வருஷம், லெந்து என்கிற தவக்கால நாட்களில் ஒரு சனிக்கிழமை காலை, திரேஸ்புரம் கடற்கரை மணலில் என் சீசர் கால் மடங்கி விழுந்தான். அவன் நாய். நாய்க்கு நடந்ததை எல்லாம் கர்த்தர் செய்த நன்மைக்குச் சாட்சி என்று சொல்ல வந்துவிட்டாளே என்று நினைக்கிற அன்பானவர்கள் கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள்.

நான் மில்லர்புரத்தில் தனியாக இருக்கிறவள். சொந்த ஊர் நாசரேத். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்கள் எல்லாரும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்கள். சாயங்காலம் வந்து பூட்டைத் திறக்கும்போது, உள்ளே கதவில் வாலை அடித்துக்கொண்டு நிற்கிற உயிர் அது ஒன்றுதான். குட்டியாக என் கைக்குள் அடங்கின நாளிலிருந்து ஆறு வருஷம் வளர்த்தேன்.

லெந்து நாட்களில் நான் கறி எடுப்பதில்லை. அதனால் மீன் வாங்க லூர்துவிடம் போவேன். படகு வந்து சேருகிற இடத்திலேயே கூடையோடு உட்கார்ந்திருப்பாள். அன்றைக்கு ஒரு பாரை மீனுக்கு அவளோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். பேரம் பேச ஆரம்பித்தால் எனக்கு அக்கம்பக்கம் தெரியாது. சீசர் பின்னால் என்ன செய்கிறான் என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வலையில் வருகிற பேத்தை மீனை அங்கே மணலில் எறிந்துவிடுவார்கள். வயிற்றை உப்பிக்கொண்டு கிடக்கும். கொடிய விஷம். கரையில் திரிகிற நாய்கள் அதை மோந்துகூடப் பார்ப்பதில்லை. மில்லர்புரத்தில் பாலும் சோறும் தின்று வளர்ந்த என் துரைக்கு அந்த விவரம் ஏது?

"ஐயையோ டீச்சரம்மா, ஒங்க நாயி பேத்தையத் திங்குது!" என்று லூர்து கத்தினாள்.

ஓடிப்போய் வாயைப் பிளந்து பிடுங்கினேன். பாதி உள்ளே போயிருந்தது. அரை மணி நேரத்தில் வாயில் நுரை தள்ளியது. வாந்தி எடுத்தான். பின்னங்கால் இழுத்தது, அப்புறம் முன்னங்காலும். என்னைப் பார்த்த கண் மட்டும் அப்படியே இருந்தது. அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

லூர்துவும் நானும் அவனைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டு முற்றத்துக்கு ஓடினோம். அவள் புருஷன் மிக்கேல் சங்கு குளிக்கிறவர், கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிற வேலை. காதில் சீழ் பிடித்து, கடலுக்குப் போக முடியாமல், பஞ்சு அடைத்துக்கொண்டு வீட்டில் இருந்தார்.

நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். முழங்கால் போட்டு, கண்ணை மூடி, சத்தமாக ஜெபிக்கத் தொடங்கினேன். எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் நான் ஜெபம் ஆரம்பித்தால் காப்பி ஆறிப்போகும் என்று கேலி செய்வார்கள். அன்றைக்கும் வானத்தையும் பூமியையும் படைத்தவரே என்று முதலிலிருந்துதான் பிடித்தேன்.

"டீச்சர்! கண்ணத் தொறங்க! மூச்சு நிக்கப் போவுது!" மிக்கேலுக்குக் காது கேளாததால் அவர் பேசுவதே கூப்பாடு போடுகிற மாதிரி இருக்கும்.

"மாட்டாஸ்பத்திரிக்கு ரிக்ஷா கூப்பிடுங்க" என்று அழுதேன்.

"அங்கன போயிச் சேருததுக்குள்ள உசுரு போயிரும். பேத்த விசம் கைகால மட்டுமில்ல, நெஞ்சையும் கட்டிப்போட்டுரும். அது எறங்குத வரைக்கும் நம்மதான் ஊதணும். ஏளா லூர்து, துணியக் கொண்டா!"

கடலடியில் மயங்கி மேலே வருகிற ஆட்களுக்கு அவர்கள் அப்படி வாயில் ஊதி மூச்சு வர வைப்பார்களாம். சீசரின் வாயை இறுக்கி மூடிப் பிடித்து, மூக்கைத் துடைத்து, அதில் தன் வாயை வைத்து ஊதினார். சீசரின் விலா மேலே ஏறியது. இறங்கியது. மறுபடியும் ஊதினார்.

"பாத்தியளா? இப்ப நீங்க."

நான் நாயைக் கொஞ்சுகிறவள் அல்ல. கட்டிலில் ஏறினால் பிரம்பை எடுக்கிறவள். அவன் மூக்கில் மீன் நாற்றமும் வாந்தி நாற்றமும் குமட்டியது. கண்ணை மூடிக்கொண்டு ஊதினேன். விலா ஏறியது. ஐயோ, அதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம்!

மூன்று பேரும் மாறி மாறி ஊதினோம். ஜெபிக்க வாய் இல்லை. மனதுக்குள்ளும் "அப்பா, அப்பா" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பத்து மணிக்குத் தொடங்கினது, கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. எனக்குத் தலை சுற்றியது. உதடு வெடித்துவிட்டது. சீசர் அசையவே இல்லை. கண்ணும் கண்ணாடிபோல ஆகிவிட்டது. எட்டிப் பார்த்த பெண்கள், "பாவம், போயிட்டுது" என்று சொல்லிப் போனார்கள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "போதும் மிக்கேல். தேவ சித்தம்" என்றேன்.

பக்தியாகத்தான் சொன்னேன். ஆனால் களைத்துப்போய்ச் சொன்னேன் என்பது எனக்கும் என் ஆண்டவருக்கும் தெரியும்.

மிக்கேல் தலையைத் தூக்கினார். அவருக்கு அது எப்படிக் கேட்டதோ! "என் தம்பி அந்தோணியும் பேத்த தின்னுதான் செத்தான் டீச்சர். ஒரு மணி நேரம் ஊதுனோம். ஆண்டவர் சித்தம்னு எல்லாரும் சொன்னாவ. நானும் சொன்னேன். விட்டுட்டோம். பெறவு தர்மாஸ்பத்திரி டாக்டரு சொன்னாரு, நிறுத்தாம ஊதியிருந்தா பொழச்சிருப்பான்னு. அவனுக்கு நாங்க பேசுனது பூராவும் கேட்டிருக்கும்னும் சொன்னாரு."

அவ்வளவுதான் சொன்னார். குனிந்து மறுபடியும் ஊதினார்.

சீசரின் காதைத் தடவி, "இங்கேதான் இருக்கேண்டா, போகல" என்று சொல்லிவிட்டு, என் முறைக்குக் காத்திருந்தேன்.

மூன்று மணி தாண்டியிருக்கும். லூர்து ஊதிவிட்டு வாயை எடுத்தாள். நான் குனிவதற்குள் விலா தானாக ஏறியது. மூன்று பேரும் அசையாமல் பார்த்தோம். இன்னொரு தடவை ஏறியது. கொஞ்ச நேரத்தில் வாலின் நுனி முற்றத்து மணலில் லேசாக அசைந்தது.

"ஸ்தோத்திரம்" என்று கத்தினேன். லூர்து சிலுவை போட்டுக்கொண்டாள். மிக்கேல் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, "தம்பி, ஒன்ன விட்டுட்டோமே ஏலே" என்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். நானும் லூர்துவும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து அழுதோம்.

சீசர் இரண்டு நாள் கோணல் நடை நடந்தான். இப்போது நன்றாக இருக்கிறான். மீனைக் கண்டால் பயந்து ஓடுகிறான் என்று எழுத ஆசைதான், ஆனால் சாட்சியில் பொய் சொல்லக் கூடாது. போன வாரமும் சாளை மீனைத் திருடினான்.

நான் கேட்டது வைத்தியரை. கர்த்தரோ, காது வலியோடு ஒரு மனிதரைக் கரையில் நிறுத்தி வைத்திருந்தார். மிக்கேலின் வலி என் நன்மைக்குத்தான் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆகவே அவர் காதுக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன்.

அதற்குப் பிறகு வியாதிக்காரர் வீட்டுக்குப் போனால், ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு எழுந்து வருவதில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, என்ன வேலை இருக்கிறது என்று கேட்கிறேன். பிள்ளைகளை, பெற்றோரை, குடிகாரப் புருஷனை இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று விட்டுவிட்ட சகோதரிகளே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். கர்த்தர் நம் ஜெபத்தைக் கேட்கிறார், நம்புங்கள். அவர் சித்தம் என்னவென்று அவர் சொல்லட்டும். அதுவரை நாம் ஊதிக்கொண்டிருப்போம்.