சேதுதா பெயர் கூப்பிடுவார்

கல்கத்தா லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்தபோது மிதாலியிடமிருந்து போன் வந்தது. கிடர்பூர் ஆபீசில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரி. காலை எட்டு மணிக்கு யாரையும் கூப்பிடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. "லலிதாதி, சேதுதா ஆர் நேய்" என்றாள். சேதுதா இனி இல்லை.  ஆறு மாதமாக நுரையீரல் அவரைப் படுத்திய பாடு எங்கள் இருவருக்கும் தெரியும்.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. பயம் வந்தது. கால் தரையில் பாவாத பயம். பக்கத்திலிருந்த கடையின் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் காணாமல் போனால் இனி யார் கவனிப்பார்கள் என்று தோன்றியது. ஒரு மனிதர் இறந்த செய்தியைக் கேட்டதும் தன்னைப் பற்றியே நினைப்பது வெட்கக்கேடுதான். ஏன் அப்படி நினைத்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்காக இரண்டு வரி. முழுப்பெயர் சேதுராமலிங்கம். அவருடைய அப்பா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்த குடும்பம். எங்கள் கப்பல் ஏஜென்சியில் அவர் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற சரக்கை ஒவ்வொன்றாக எண்ணிக் குறிக்கிற வேலை. ஆபீசில் இருந்த வங்காளிகள் அண்ணன் என்ற பொருளில் 'சேதுதா' என்றார்கள், அக்கா என்ற பொருளில் என்னை 'லலிதாதி' என்பதுபோல. நாலைந்து தமிழர்கள் இருந்தோம், நாங்களும் 'அண்ணாச்சி'யை விட்டுவிட்டு 'சேதுதா'வையே பிடித்துக்கொண்டோம். 

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஒரு மழைநாளில் அவரை முதன்முதலாகத் துறைமுக ஜெட்டியில் பார்த்தேன். பருப்பு மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. பெரிய அதிகாரிகள் மூன்று பேர் குடைக்குள் நின்று, எண்ணிக்கை தாளில் இருப்பதுதான், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். இவர் நனைந்துகொண்டே இன்னொரு முறை எண்ணுகிறார். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. கடைசியில் மூன்று மூட்டை குறைந்தது. என்னிடம் பென்சிலைத் துடைத்தபடி சொன்னார்: "ஆளு பொய் சொல்லுவான், தாளு பொய் சொல்லும். எண்ணிக்கை சொல்லாதும்மா." இதை அவர் வாயால் கேட்காதவர்கள் எங்கள் ஆபீசில் கிடையாது.

எண்ணுவது அவருக்கு வேலை என்பதைத் தாண்டிப் போய்விட்டது. மெட்ரோ படி, கல்யாணப் பந்தி, பூஜைப் பந்தல் விளக்கு, எதையும் விட்டுவைக்க மாட்டார். "எங்க வீட்ல நான் சோறு போடுத அகப்பையைக்கூட எண்ணுவாங்க" என்பார் அவர் மனைவி கோமதியக்கா. ஆபீஸ் பிக்னிக் என்றால் தலை எண்ணுகிற பொறுப்பு யாரும் சொல்லாமலே அவருக்குப் போய்விடும். அவர் எண்ணிவிட்டு "சொப் டீக் ஆச்சே" என்று குரல் கொடுத்தால்தான் பஸ் நகரும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அப்படி அவர் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டோம்.

ஆறு வருஷத்துக்கு முன்பு, டிசம்பரில், திகாவைத் தாண்டி ஒரு சின்னக் கடற்கரைக்கு ஆபீசிலிருந்து இரண்டு நாள் போனோம். அங்கே ஸ்பீட்போட் விடுகிறார்கள். கொஞ்ச தூரம் கடலுக்குள் ஓட்டிப்போய், மணல்திட்டு ஒன்றின் பக்கத்தில் நங்கூரம் போட்டு, கால்மணி நேரம் நீந்தவிட்டுத் திரும்பக் கூட்டிவருவார்கள். நான் அப்போதுதான் நாற்பத்துமூன்று வயதில் லேக் பக்கத்துக் கிளப்பில் நீச்சல் கற்று முடித்திருந்தேன். குளத்து நீச்சலை வைத்துக்கொண்டு கடலுக்குப் போனேன். குருவி தலையில் பனங்காய் என்று என் கணவர் சொன்னது காதில் ஏறவில்லை.

படகில் நாங்கள் எட்டுப் பேர், ஓட்டுகிறவர் தனி. சேதுதாவுக்கு நீச்சல் தெரியாது. "தண்ணிக்கு மேல வந்த சரக்குதான் நம்ம இலாகா" என்று படகிலேயே உட்கார்ந்துகொண்டார். மிதாலியும் இறங்கவில்லை. மற்ற ஆறு பேரும் எங்கள் கைக்கடிகாரம், போன், மோதிரம் எல்லாவற்றையும் அவர் மடியில் கொட்டினோம். என்னுடையது மூக்குக்கண்ணாடி. மைனஸ் எட்டு. அதைக் கழற்றினால் எதிரே நிற்பது என் மகனா, மின்கம்பமா என்று தெரியாது. "பாத்து வச்சுக்குங்க சேதுதா, அதுதான் என் கண்ணு" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

தண்ணீர் சுகமாக இருந்தது. ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் தானே தூக்கிப் பிடித்தது. நீந்தக்கூட வேண்டாம். மல்லாந்து கிடந்தேன். காது இரண்டும் தண்ணீருக்குள், கண் மூடியிருந்தது, முகத்தில் வெயில். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. நிமிர்ந்து காலை ஊன்றினேன். கால் எதிலும் படவில்லை.

தூரத்தில் வெள்ளையாக ஒரு கறை நகர்ந்துகொண்டிருந்தது. எங்களோடு அங்கே நங்கூரம் போட்டிருந்த இன்னொரு படகு போலிருக்கிறது, போகட்டும் என்று நினைத்தேன். எங்கள் படகு எங்கே என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் ஒரே சாம்பல் பளபளப்பு. மறுபடி சுற்றினேன். அந்தக் கறையும் போய்விட்டிருந்தது. மோட்டார் சத்தம் மட்டும் இருந்தது. அதுவும் மெலிந்துகொண்டே வந்து, பிறகு இல்லை.

பயம் என்றால் என்ன என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் பயம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் வெறும் கவலை. கத்தினேன். என் குரல் எனக்கே ஒரு முழ தூரத்தில் அறுந்துவிட்டது. கரை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. தெரியாத பக்கம் நீந்தினால் இன்னும் உள்ளே போவேனோ என்று கையைக் காலை அசைக்கவே நடுங்கியது. காலில் வழவழவென்று எதுவோ பட்டது. பாலிதீன் பையாகக்கூட இருக்கலாம். அலறினேன், வாய்க்குள் உப்புத்தண்ணீர் போனது. ஜாக்கெட்டின் வார் ஒன்று தளர்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். விரல் விறைத்துப்போய் அதை இறுக்க வரவில்லை. இரண்டு கையாலும் ஜாக்கெட்டை மாரோடு கட்டிப்பிடித்துக்கொண்டேன். மகனுடைய ஸ்கூல் டைரியில் கையெழுத்துப் போடாமல் வந்தது ஞாபகம் வந்தது. கூப்பிட வேண்டும் என்று வாயைத் திறந்தபோது கடவுள் பெயர் வரவில்லை, கணவர் பெயரும் வரவில்லை. "சேதுதா! சேதுதா!" என்றுதான் கத்தினேன். எண்ணுகிறவர் அவர்தானே.

படகில் நடந்ததை மிதாலி பிறகு சொன்னாள். காற்று ஏறுகிறது, சீக்கிரம் ஏறுங்கள் என்று படகுக்காரர் அவசரப்படுத்தியிருக்கிறார். எல்லோருக்கும் ஒரே ஆரஞ்சு ஜாக்கெட், ஒரே நனைந்த தலை. பக்கத்துப் படகில் வந்த ஒரு பெண், தலைசுற்றலில் எந்தப் படகு கிட்டே இருந்ததோ அதைப் பிடித்து ஏறியிருக்கிறாள். ஏறியவள் பின்பக்கம் விளிம்பில் கவிழ்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். யார் முகத்தைப் பார்த்தார்கள்? அவளுடைய கூட்டத்தார் அவள் எங்கள் படகில் ஏறுவதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகக் கிளம்பிவிட்டார்கள். சேதுதா கையிலிருந்த காகிதத்தில் நாலு கோடு, குறுக்கே ஒன்று, பக்கத்தில் ஒன்று போட்டார். இறங்கினது ஆறு, ஏறினது ஆறு. "சொப் டீக் ஆச்சே" என்றார். படகு கிளம்பிவிட்டது.

கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் அவர் மடியிலிருந்ததைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார். கடிகாரம் போயிற்று, மோதிரம் போயிற்று, போன்கள் போயின. கண்ணாடி மட்டும் மிஞ்சியது. அதைத் தூக்கிப் பிடித்து, "லலிதா, இந்தா" என்றாராம். யாரும் கை நீட்டவில்லை. பின்னால் கவிழ்ந்திருந்தவளின் தோளைத் தொட்டிருக்கிறார். அவள் தலையை நிமிர்த்தினாள். யாரோ ஒரு பெண்.

படகுக்காரர் திருப்ப மறுத்தார். நீங்கள்தானே எண்ணிச் சரி என்றீர்கள், அந்த அம்மா இன்னொரு படகில் வந்திருப்பார், கரைக்குப் போய்ப் பார்ப்போம் என்றார். நியாயமான பேச்சுதான். ஆபீசில் ஒரு நாளும் குரல் உயர்த்தாத சேதுதா, நீச்சல் தெரியாத சேதுதா, ஓடுகிற படகில் எழுந்து நின்று, ஒரு காலைத் தூக்கி வெளியே போட்டுவிட்டார். "கோராவ்!" என்று கத்தினாராம், படகைத் திருப்பு என்று. "இல்லன்னா நான் குதிக்கேன். அந்தக் கணக்கையும் நீயே சொல்லிக்கோ." பாதி வங்காளம், பாதி திருநெல்வேலி. படகுக்காரருக்கு என்ன புரிந்ததோ, திருப்பிவிட்டார்.

தண்ணீரில் கிடந்த எனக்கு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை, காதில் கேட்டது மட்டும்தான். முதலில் மோட்டார் சத்தம். பிறகு அது நின்றுபோய், ஒரு மனிதக் குரல். "லலிதா... லலிதா..." சரக்கை எண்ணுகிற அதே இழுப்பு. சத்தம் வந்த திசையைப் பார்த்து நீந்தினேன். என்னைப் படகுக்குள் தூக்கிப் போட்டதும் சேதுதா பக்கத்தில் வந்தார். கண்ணாடியைத் தன் கையாலேயே எனக்கு மாட்டிவிட்டார். மாட்டிய அவசரத்தில் ஒரு காம்பு என் காதுக்குள் குத்தியது. நான் முதலில் தெளிவாகப் பார்த்தது அவர் முகத்தை. என்னைவிடப் பயந்துபோயிருந்தது. நான் கடலில் இருந்தது பதினைந்து நிமிடம்கூட இருக்காது என்றார்கள். இன்றுவரை நான் அதை நம்பவில்லை.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை. பதினைந்து நாள் அவரோடு பேசவே இல்லை. எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள், எனக்கோ உள்ளே கோபம் எரிந்தது. என்னை எண்ணாமல் விட்டுவிட்டாரே என்று. ஒரு நாள் என் மேஜைக்கு வந்து நின்றார். "எல்லாரும் நான் காப்பாத்துனேன்னு சொல்லுதாவ. உனக்குத் தெரியும்லா? விட்டுட்டுப் போனவன் நான்தாம்மா. காப்பாத்துனது உன் கண்ணாடி." அதைச் சொன்னபோது அவர் அழுதார். நானும் அழுதேன். மிதாலி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு மெதுவாக நகர்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவர் மனிதர்களை எண்ணியதே இல்லை. "சரக்கை எண்ணு, ஆளைக் கூப்பிடு" என்பது அவருடைய புது வேதம். நம் கல்கத்தா வட்டத்தில் இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் அவர் வாயால் உங்கள் பெயரைக் கேட்டிருப்பீர்கள். தட்சிணேஸ்வரம் போனாலும் சால்ட் லேக்கில் ஒரு வளைகாப்புக்குப் போனாலும், வண்டி கிளம்பும் முன்பு எழுந்து நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். முதலில் தன் பெயர், அதற்குத் தானே "இருக்கேன்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். கடைசியில் என் பெயர். நான் தலையாட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டார். "வாயத் தொறந்து சொல்லு" என்பார்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். மூச்சு விட்டு விட்டுத்தான் பேசினார். "அன்னைக்குத் தண்ணியில கெடந்தப்போ என்ன நெனச்சே?" என்று கேட்டார். ஆறு வருஷத்தில் அவர் கேட்காத கேள்வி. "உங்க பேரைத்தான் கூப்பிட்டேன் சேதுதா" என்றேன்.  "எனக்குக் கேக்கலையேம்மா" என்றார். 

அவர் உடலை எடுக்கிற நேரத்தில், பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதுண்டா என்று ஊரிலிருந்து போனில் யாரோ கேட்டார்கள். "அவங்க எங்க போனாலும் கடைசி ஆளு ஏறுத வரைக்கும் நின்னாங்க. நான் வீட்ல உக்காரவா?" என்று சொல்லிவிட்டுக் கோமதியக்கா வண்டியில் ஏறிவிட்டார். நாங்களும் போனோம். மின்மயானத்தில் எல்லாம் முடிந்து மதியம் திரும்பும்போது, அஸ்தி இருந்த மண்கலயம் அக்காவின் மடியில் இருந்தது. டிரைவர் திரும்பிப் பார்த்து, தலையை எண்ணி, "பதினொன்று, போகலாமா?" என்று வங்காளத்தில் கேட்டார்.

எனக்கு மறுபடி அந்தப் பயம். கால் எதிலும் படவில்லை. "தாராவ், கொஞ்சம் நில்லுங்க" என்று எழுந்துவிட்டேன். பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தேன். வாய்ப்பழக்கம், முதலில் வந்தது "சேதுதா."  செய்த தப்பு புரிந்து, கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.

கோமதியக்கா கலயத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார். "இருக்காங்க" என்றார். "நீ மேல கூப்பிடு."

கூப்பிட்டேன். ஒவ்வொருவரும் வாயைத் திறந்து பதில் சொன்னார்கள். சேதுதாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான், இனி எந்த வண்டியிலும் இதை விட மாட்டேன். கடைசிப் பெயர் என்னுடையது, அங்கே நிறுத்திவிட்டேன். தன் பெயரைத் தானே கூப்பிட அவருக்குத்தான் வரும். பின் சீட்டிலிருந்து மிதாலி கூப்பிட்டாள், "லலிதாதி?"

தலையாட்டப் போனவள், வாயைத் திறந்து சொன்னேன். "இருக்கேன்."