கம்பிக் கதவைத் தொட்டவள்

சக வாத்தியார்களே, சின்ன ஊரில் அரசுப் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியில் வேலை பார்ப்பவனுக்குப் பாடம் நடத்துவது உபதொழில்தான். முழுநேர வேலை சந்தேகப்படுவது. சாதிச் சான்றிதழ் அசல்தானா, லீவு கேட்டவனின் தாத்தா நிஜமாகவே செத்தாரா, கடைசி பெஞ்சுக்காரன் இன்று ஏன் இவ்வளவு ஒழுக்கமாக இருக்கிறான் என்று யோசித்தே எனக்குத் தலை நரைத்தது. நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவே வணிகவியல் நடத்த வந்தவன். இந்த ஊர் விஷயங்கள் பலவும் எனக்குத் தாமதமாகத்தான் புரியும்.

எத்தனை வாசல்?

சேர்க்கை நடந்த அன்று ஆமத்தூரிலிருந்து பாக்கியம் என்று ஒரு அம்மா, மகள் முத்துச்செல்வியோடு வந்தார். அம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. மகள் நல்ல மார்க். இவ்வளவு மார்க் வாங்கிய பிள்ளை மதுரைக்குப் போகாமல் நம்மிடம் எதற்கு வருகிறது என்று எனக்கு உடனே சந்தேகம். துருவித் துருவிக் கேட்டேன். “பொழுது சாயுமுன்ன வீட்டுக்கு வந்துரணும் சார். எனக்கு இவ ஒருத்திதான். எங்க அக்கா கம்பெனி வெடிவிபத்துலதான் போனா. இவ அந்த வாசலை மிதிக்கக் கூடாது, அதுக்குத்தான் படிக்க வைக்கேன்” என்றார்.

சீட்டுக் கொடுத்த பிறகும் அவர் கிளம்பவில்லை. வகுப்பறையைப் பார்க்க வேண்டுமாம். அழைத்துப்போய்க் காட்டினேன். கரும்பலகையை அவர் கண்டுகொள்ளவே இல்லை. சுவர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, என்னை ஏமாற்றுக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “அறுவது பிள்ளைக இருக்குற ரூமுக்கு ஒத்த வாசல்தானா சார்? எங்க கம்பெனில நாலு பேருக்கே நாலு வாசல்.”

வேப்பமரத்தடி

கல்லூரியின் ஒழுங்குக் குழுவில் என்னைப் போட்டிருந்தார்கள். மரத்தடியில் ஜோடியாக யார் உட்கார்ந்தாலும் என் பொறுப்பு. ஒரு வாரமாக முத்துச்செல்வி மத்தியானத்தில் ஒரு பையனோடு உட்கார்ந்து ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குப் பதைப்பு. கையும் களவுமாகப் பிடிப்பதற்காக சைக்கிள் ஸ்டாண்டின் தூணுக்குப் பின்னால் மறைந்து நின்றேன். தூண் ஒல்லி, நான் அப்படியில்லை. அவள் சாப்பாட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கூப்பிட்டாள். “இவன் எங்க சித்தி மகன் சார், தம்பி முறை. அங்கன வெயில்ல நிக்காதீக, இங்கன வந்து உக்காருங்க.”

தவளையின் இதயம்

தீபாவளி முடிந்து பருவத் தேர்வு வந்தது. தேர்வு ஹால் வாசலில் ஒரு இரும்புக் கம்பிக் கதவு உண்டு. மற்ற பிள்ளைகள் பையை வெளியே எறிந்துவிட்டு உள்ளே ஓடுவார்கள். முத்துச்செல்வி மட்டும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, உள்ளங்கையைக் கதவில் அழுத்தி, ஒரு கணம் நின்றுவிட்டு வருவாள். முதல் நாள், சாமி கும்பிடுகிறாள் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் அதே கதவு, அதே இடம். உதடு அசையவில்லை, கண்ணும் மூடவில்லை. இது பக்தி இல்லை என்று எனக்குப் பொறி தட்டியது.

அதற்குள் பறக்கும் படைக்கும் தட்டிவிட்டது. வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் கதவு இடுக்கில் விரலை விட்டுத் துழாவி ஒரு பிட்டை வெளியே இழுத்தார். பழுப்பேறிய பிட். அதில் இருந்தது தவளையின் இதயம், விலங்கியல். இவள் எழுதிக்கொண்டிருந்ததோ வணிகச் சட்டம். அதை எடுத்துச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். “பாடம் எதுவா இருந்தா என்ன சார், பிட்டு பிட்டுதான்.”

விசாரணை

கேஸ் உறுதியானால் அவள் படிப்பு அத்தோடு சரி. அதற்கப்புறம் எந்த வாசலுக்குப் போவாள் என்பது எனக்கும் தெரியும், அவள் அம்மாவுக்கும் தெரியும். அம்மாவையும் வரவழைத்து முதல்வர் அறையில் உட்காரவைத்திருந்தார்கள். வகுப்பு ஆசிரியர் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அந்தக் கதவை ஏன் தினமும் தொட்டாய் என்று முதல்வர் அதட்டியும் கேட்டார், கெஞ்சியும் கேட்டார். முத்துச்செல்வி அம்மாவைப் பார்ப்பதும் தலையைக் குனிவதுமாக இருந்தாள். குற்றம் செய்திருக்கிறாள் என்றே நான் முடிவு கட்டினேன்.

பாக்கியத்துக்குப் பொறுக்கவில்லை. “அவ தொட்டது பிட்டுக்காக இல்ல சார். கம்பெனில வெடிமருந்து ரூமுக்குள்ள போகுமுன்ன நாங்க செருப்பைக் கழத்திட்டு, வாசல்ல இருக்குற செம்புத் தகடைத் தொட்டுட்டுத்தான் போவோம். ஒடம்புல இருக்குற கரண்டு அதுல எறங்கிரும். இல்லாட்டி பொறி பட்டு ரூமே போயிரும். பழகிட்டா எந்த வாசலைப் பாத்தாலும் கை தானாப் போகும்” என்று படபடவென்று சொல்லிக்கொண்டே வந்தவர், சட்டென்று நிறுத்திவிட்டார்.

முதல்வருக்குப் பெரிய நிம்மதி. கேஸ் இல்லை, மீதித் தேர்வுகளை எழுதலாம் என்று சொல்லிவிட்டு டீ கொண்டுவரச் சொன்னார். பாக்கியம் எழுந்திருக்கவில்லை. மகள் பக்கம் திரும்பவும் இல்லை. என்னிடம் கேட்டார். “சார், ஞாயித்துக்கெழம ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்லிட்டுப் போறாளே, நீங்க வைக்கீகளா?”

பொய்யைப் பிடித்தே பழகிய வாத்தியாருக்குப் பொய் சொல்ல வராது என்பதை, நான் “ஆமாம்மா” என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் கண்டுகொண்டார்.