எண்ணெய்க் கிண்ணம் உட்கார்ந்த முதுகு

பொதிகை மலை மேல் சத்தியம், தாமிரபரணித் தண்ணீர் மேல் சத்தியம், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய்யென்றால் என் கையில் எண்ணெய் வழுக்காமல் போகட்டும்!

எண்ணெய் தேய்ப்பவனுக்கு ஆளை முகத்தை வைத்து அடையாளம் தெரியாது, முதுகை வைத்துத்தான் தெரியும். பாபநாசத்தில் ஆற்றோரப் பாறையில் ஆளைக் குப்புறப் போட்டுத் தேய்ப்பதுதான் என் பிழைப்பு. முதுகு வலிக்காரர்களே, உங்களுக்குத் தேய்த்துத் தேய்த்து எனக்கும் முதுகு வலிதான். அதனால் நாமெல்லாம் ஒரே கூட்டம். கேளுங்கள்.

கரையாத வாயு

தொழிலுக்கு வந்த புதிது. சாத்தான்குளம் பக்கத்துப் பனையேறி ஒருவர் வந்து படுத்தார். அக்குளில் கயிறு மாதிரி ஒன்று, முதுகிலிருந்து நெஞ்சுக்கு ஓடியது. வாயுப் பிடிப்பு என்று முடிவு கட்டி, எண்ணெயைச் சூடு பண்ணி அமுக்கினேன் பாருங்கள், பாறையே ரெண்டு விரற்கடை ஆற்றுக்குள் நகர்ந்தது. கயிறு மட்டும் கரையவில்லை.

உச்சி வெயில் ஏறின பிறகுதான் மனுஷர் வாயைத் திறந்தார். “அண்ணாச்சி, அது பொறந்ததுலேருந்து உள்ள சதை. எங்கய்யாவுக்கும் இருந்துச்சு. கரைச்சிராதீரும், பனையில அதுதான் எனக்குப் பிடி.”

சுவர் மாதிரி முதுகு

தச்சநல்லூரில் வெல்ல மண்டி வைத்திருக்கும் அண்ணாச்சி என் நிரந்தர வாடிக்கை. இடுப்பிலுள்ள பச்சை பெல்ட்டை எண்ணெய் தேய்க்கும்போதுகூடக் கழற்றமாட்டார். அவருடைய வலது தோள்பட்டை எலும்பு, கோழி இறக்கையைத் தூக்கினாற்போல் வெளியே நிற்கும். அதைப் பிடித்து வைக்கிற சதை அந்தப் பக்கம் அவருக்குச் சோனி. அந்த இறக்கை மேல்தான் என் எண்ணெய்க் கிண்ணத்தை வைப்பேன். அவர் தும்மினாலும் ஒரு சொட்டுச் சிந்தாது.

அவருக்கு இது தெரியாது. யார் போய்ச் சொல்வது? ஒருநாள் கிண்ணம் உட்கார்ந்திருக்கும்போதே பெருமையாகச் சொன்னார். “எம் முதுகு செவுரு மாதிரில்லா வே!”

சட்டையோடு வந்தவன்

போன தை மாதம் ஒரு பையன் வந்தான். பேர் சுடலைமுத்து, பஸ் ஓட்டுகிறான். சட்டையோடு தேய்க்கச் சொன்னான். “ஏலே, சட்டைக்கா வலிக்கி? கழத்துலே” என்று அதட்டினேன். கழற்றினான். இடது தோளுக்குப் பின்னால் சதையே இல்லை. கை புதைகிற மாதிரி பள்ளம், தோளும் கொஞ்சம் இறக்கம். பிறவியிலேயே ஒரு தசை இல்லை, வேலைக்கு ஒரு குறையும் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பஸ்ஸையும் ஜோராகத்தான் ஓட்டுகிறான்.

அவன் பயம் வேறு. அடுத்த வாரம் கோயிலில் கல்யாணம், மாப்பிள்ளை சட்டையில்லாமல் உட்கார வேண்டும். பெண் யாரென்றால் நம்ம வெல்ல மண்டி அண்ணாச்சியின் மகள்! மணவறையில் பார்த்துவிட்டு அவர் எழுந்து போய்விட்டால் என்ன செய்வது என்று கண் கலங்கினான்.

“பொண்ணுக்குத் தெரியுமாலே?” என்றேன்.

“சொல்லிட்டேன் தாத்தா. ‘நான் என்ன முதுகையா கட்டிக்கிடப் போறேன்’னு சிரிக்கா. அவ அப்பாவ நெனச்சாத்தான் வண்டியில பிரேக்கு எதுன்னு மறந்துபோவுது.”

ரெண்டு படம்

அவனிடம் கேட்டுக்கொண்டுதான் அவன் முதுகை என் போனில் படம் எடுத்தேன். ரெண்டு நாளில் அண்ணாச்சியே வந்தார். “மாப்பிள்ளைக்கு முதுகுல என்னமோ கோளாறுன்னு காதுல விழுந்துச்சு. உம்மகிட்ட வந்திருப்பாம்லா? உள்ளதச் சொல்லும் வே. இல்லேன்னா கல்யாணத்த நிப்பாட்டிருவேன்.”

“மொதல்ல படுங்க அண்ணாச்சி” என்றேன். படுத்ததும் அவர் முதுகையும் அவருக்குத் தெரியாமல் படம் எடுத்து, ரெண்டையும் காட்டினேன். “இதுல ஒண்ணு மாப்பிள்ளை. எது பரவால்ல, சொல்லுங்க.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பையன் படத்தைத் தொட்டு, “இவனுக்கு ஒரு தோளு லேசா எறங்கியிருக்கு, அவ்வளவுதான்” என்றார். அடுத்ததைப் பார்த்ததும் முகம் சுளித்தது. “இது என்ன வே, றெக்க மொளச்ச பய? இவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?”

படத்தின் கீழ்ப்பக்கத்தை மறைத்திருந்த என் கட்டைவிரலை எடுத்தேன். பச்சை பெல்ட் தெரிந்தது.

அண்ணாச்சி தன் இடுப்பைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடியும் இடுப்பைப் பார்த்தார். வலது கையை முதுகுக்குப் பின்னால் விட்டுத் தடவினார். கடைசியில் சொன்னார். “இந்த முதுகுக்கே எங்க மாமனார் பொண்ணு குடுத்திருக்காரே வே!”

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. மாப்பிள்ளை திறந்த முதுகோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான், மாமனார்தான் கடைசிவரை சட்டையைக் கழற்றவில்லை.

இதைச் சொன்னது நான்தான் என்று தச்சநல்லூர்ப் பக்கம் மூச்சு விட்டுவிடாதீர்கள், என் கிண்ணத்தை வைக்க அவ்வளவு வசதியான முதுகு இந்த ஜில்லாவில் வேறு கிடையாது.