காலியாக ஏறாத வண்டி

முதல் பனி கொட்டிய மறுநாள் டிவியில் வருஷம் தவறாமல் ஒரு காட்சி காட்டுவார்கள். சியோலில் ஏதோ ஒரு மேட்டுச் சாலை. ஒரு வீட்டு விலை கொடுத்து வாங்கிய பெரிய வண்டி பாதி மேட்டில் நின்றுகொண்டு, பின்சக்கரம் இரண்டும் சும்மா சுற்ற, பின்பக்கத்தை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருக்கும். நாலு பேர் இறங்கித் தள்ளுவார்கள். என் மருமகனுக்கு அதைப் பார்த்தால் ஒரே சிரிப்பு.

"ஏன் மாமா, பனியில ஓட்டறதுக்குப் பின்சக்கர வண்டிய எவனாவது வாங்குவானா?"

"வாங்கியிருக்கான். ஒருத்தன் தேடிப் போயே வாங்கினான்," என்று சொல்லிவிட்டு நான் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவேன். முழுசாகச் சொல்ல ஆரம்பித்தால் கண் கலங்கிவிடும். மருமகன் முன்னால் அந்த மானக்கேடு எனக்கு எதற்கு? உங்களிடம் சொல்கிறேன்.

அவன் பேர் குவாக் நம்சிக். தேபெக் பக்கம் எங்கள் சுரங்க ஊரில் என்னைப் போலவே சொந்த டாக்சி ஓட்டினான். அதற்கு முன்னால் சுரங்கத்துக்குள் கரி வெட்டினவன். ஒரு நாள் கூரை சரிந்து, பக்கத்தில் நின்றவன் போய்விட்டான், இவனுக்கு ஒரு விரலோடு போயிற்று. அன்றைக்கு மேலே வந்தவன் திரும்ப உள்ளே இறங்கவில்லை. சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் போட்டு போனி என்று ஒரு சின்னக் கார் வாங்கி டாக்சி நிறுத்தத்துக்கு வந்து நின்றான். ஆள் நல்ல உயரம், நல்ல தோள். பேச்சு மட்டும் வராது. "சாப்பிட்டியாடா?" என்று கேட்டால்கூட யோசித்துத்தான் பதில் சொல்வான். கல்யாணம் ஆகவில்லை. பேசத் தெரியாதவனுக்கு எப்படி ஆகும்?

அந்த போனி பின்சக்கர வண்டி. எஞ்சின் முன்னால் இருக்கும், பின்சக்கரம்தான் தள்ளும். பின்னால் பாரம் இல்லையென்றால் பனியில் சக்கரம் பிடிக்காது. எங்கள் ஊரில் சந்தைப் பக்கத்திலிருந்து சுரங்கத்துக்குப் போகிற சாலைக்குக் குதிரை முதுகு என்று பேர். அவ்வளவு செங்குத்து. காலையில் இரவு ஷிப்ட் முடிந்து வருகிற ஆட்களை ஏற்ற நாங்கள் காலி வண்டியோடு அந்த மேட்டில் ஏற வேண்டும். பனி நாளில் அதுதான் பெரும்பாடு. ஒருத்தன் டிக்கியில் எரிகரி அடுக்குவான், ஒருத்தன் வழுக்காமல் இருக்கச் சக்கரத்தில் சங்கிலி மாட்டுவான், ஒருத்தன் அடுப்புச் சாம்பலை வாளியில் கொண்டுவந்து சக்கரத்துக்கு அடியில் கொட்டுவான்.

நம்சிக் என்ன செய்தான் தெரியுமா? அந்த மேட்டில் நடந்து போகிற பெண்களை ஏற்றிக்கொண்டான்.

மேலே கரி பிரிக்கிற கொட்டகை இருந்தது. கரியையும் கல்லையும் கையால் பிரித்துப் போடுகிற வேலை. சுரங்கத்தில் புருஷனைப் பறிகொடுத்தவர்களுக்குத்தான் அந்த வேலை கொடுப்பார்கள். விடியற்காலையில் முழங்கால் பனியில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஏறுவார்கள். எந்த டாக்சியையும் பார்த்துக் கை நீட்ட மாட்டார்கள். காசு ஒரு காரணம். இன்னொன்று, காலையில் முதல் சவாரி பெண்ணாக இருந்தால் அன்றைக்கு வண்டிக்குத் தரித்திரம் என்று எங்கள் டிரைவர்கள் மத்தியில் ஒரு நம்பிக்கை. அதிலும் புருஷன் இல்லாதவள் என்றால் கேட்கவே வேண்டாம். அவர்களைக் கண்டால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிற புண்ணியவான்களும் எங்களில் உண்டு.

அந்தப் பெண்களில் ஒருத்தி ஓக்புன். ஒரு பனி நாளில் நம்சிக் அவள் பக்கத்தில் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினான்.

"ஏங்க, ஒரு உதவி."

"என்ன?"

"வண்டி காலியா இருக்கு. ஏற மாட்டேங்குது. பின்னாடி கொஞ்சம் உக்காருங்களேன்."

"காலங்காத்தால என்னைப் போய் ஏத்தறீங்களே, நாள் விளங்கின மாதிரிதான்."

"நீங்க சவாரி இல்லீங்க. பாரம்," என்றான் நம்சிக்.

அவள் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு ஏறிக்கொண்டாள். கொட்டகையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம். அன்றிலிருந்து பனி பெய்த ஒவ்வொரு காலையும் ஓக்புன் பின் சீட்டில் வலது பக்கம் பாரமாக உட்கார்ந்து போவாள். வழியில் இன்னும் ரெண்டு பேர் தொற்றிக்கொள்வார்கள். யாரும் காசு கொடுக்க வேண்டியதில்லை. தர்மத்துக்கு ஏறினோம் என்கிற கூச்சமும் இல்லை. வண்டிக்கு அல்லவா உதவி செய்கிறார்கள்!

நம்சிக் அவள்மேல் உயிரையே வைத்திருந்தான். என்னிடம் அவன் அதைச் சொன்னதே இல்லை, சொல்லவும் வேண்டாம். பனி பெய்த அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்தால் போதும். ஊரெல்லாம் வானத்தைத் திட்டிக்கொண்டிருக்கும்போது இவன் மட்டும் மாப்பிள்ளை மாதிரி சவரம் செய்துகொண்டு வந்து நிற்பான். வெயில் காலத்தில் அவளை வழியில் பார்த்தால் குனிந்த தலை நிமிராமல் போய்விடுவான். கூப்பிடக் காரணம் இல்லையே, என்ன செய்வான்?

சியோலில் ஒலிம்பிக் வருவதற்கு ரெண்டு வருஷம் முன்னால், இலையுதிர் காலத்தில், அவன் வண்டிக்கு வயசு முடிந்துவிட்டது. டாக்சிக்கு அரசாங்கம் வைத்த கெடு. புது வண்டி வாங்கியே ஆக வேண்டும். அப்போதுதான் முன்சக்கர வண்டிகள் வர ஆரம்பித்திருந்தன. நான் ஏற்கெனவே ஒன்று வாங்கிவிட்டேன். எஞ்சின் பாரம் முழுக்க முன்சக்கரத்து மேல், அதே சக்கரம்தான் இழுக்கவும் செய்கிறது. பனியில் ஆட்டுக்குட்டி மாதிரி ஏறும். வாங்கிய பெருமையில் ஊரையே உண்டு இல்லை என்று செய்துகொண்டிருந்தேன்.

வொன்ஜூவில் வண்டி விற்கிற இடத்துக்கு நானும் அவனோடு போனேன். விற்கிற பையன் டை கட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

"சுரங்க ஊரா சார்? அப்ப யோசிக்கவே வேண்டாம், முன்சக்கரம்தான். ஒரு ஆள் ஏற வேண்டாம், ஒரு மூட்டை ஏத்த வேண்டாம். பனியில காலியாவே ஏறும்."

நம்சிக்கின் முகம் தொங்கிப் போய்விட்டது. "காலியாவேவா?"

"சத்தியமா சார்!"

"அப்ப வேண்டாம்," என்றான் நம்சிக்.

பையன் என்னைப் பார்த்தான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நம்சிக்கைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன்.

"டேய், உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? ஊரே முன்சக்கரத்துக்கு மாறுது. நீ என்ன பின்னாடி போறே?"

"போனியே இருக்கட்டும் அண்ணே."

"ஏன்?"

வழக்கம்போல யோசித்தான். "முன்சக்கரம் வாங்கினா, நாளைக்குப் பனி பெய்யும்போது அவங்ககிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

"வண்டில ஏறிக்கம்மான்னு சொல்லேன்டா. வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அப்படிச் சொன்னா ஏற மாட்டாங்க அண்ணே."

அதுவும் உண்மைதான். சும்மா ஏற்றுகிறேன் என்று சொன்னால் ஓக்புன் நடந்தே போய்விடுகிற ரகம். பின்சக்கர போனி ஒன்று மூலையில் தூசி படிந்து நின்றது. அதையே துடைத்து வாங்கிக்கொண்டு வந்தான்.

நிறுத்தத்தில் அவனைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள். யோம் என்று ஒரு இளவட்டம், வாய் காது வரைக்கும் நீளும். "நம்சிக் அண்ணே, அடுத்த தடவை மாட்டு வண்டியே வாங்கிடுங்க, ஆனா அதையும் மாடு முன்னாடி நின்னுதான் இழுக்கும், பாத்துக்குங்க," என்றான். இன்னொரு நாள், "சங்கிலியாவது மாட்டலாமில்ல?" என்று கேட்டான். "அறுந்து போச்சு," என்றான் நம்சிக். அந்தக் குளிர்காலம் முழுக்க அறுந்துதான் கிடந்தது. ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியவே இல்லை. என் முன்சக்கர வண்டியே ரெண்டு தரம் ஓடைப் பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று, இவன் வண்டி ஒரு நாள்கூட வழுக்கவில்லை.

இந்த லட்சணத்தில்தான் ஓக்புன் ஊரை விட்டுப் போகிறாள் என்று பேச்சு வந்தது. அவளுடைய அண்ணன் இஞ்சியோன் நகரத்தில் இருந்தான். அங்கே தையல் கம்பெனியில் வேலை பேசிவிட்டான். பனி முடிந்ததும் வந்துவிடு என்று சொல்லிவிட்டான். போனால் திரும்ப மாட்டாள், எங்கள் ஊரில் திரும்பி வர என்ன இருக்கிறது?

"கேளுடா. இப்ப கேக்காட்டி எப்பக் கேக்கப் போறே?" என்று நான் கத்தினேன்.

"பனி இன்னும் இருக்கு அண்ணே," என்றான்.

மார்ச்சில் கடைசிப் பனி கொட்டியது. அதுதான் ஓக்புனுக்குக் கொட்டகையில் கடைசி நாள். மத்தியானம் பஸ். கூட வேலை செய்தவர்களுக்குக் கொடுக்க, சிவப்புப் பயறு தூவி ஆவியில் வேகவைத்த அரிசி அடையைப் பெரிய தாம்பாளத்தில் தூக்கிக்கொண்டு நிறுத்தத்துக்கு வந்தாள். துணிக்குள்ளிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. நம்சிக் சவரம் செய்துகொண்டு, முகம் வெளுத்து நின்றான்.

"குடுங்க, டிக்கியில வெக்கறேன்," என்று யோம் குறுக்கே பாய்ந்தான். நம்சிக் "வேண்டாம்டா" என்பதற்குள் திறந்துவிட்டான்.

டிக்கி நிறைய மணல் மூட்டை. ஒரு விரல் நுழைய இடம் இல்லை.

"அடப்பாவி! இவ்வளவு மணல வெச்சுகிட்டா பாரம் இல்ல, பாரம் இல்லன்னு ஆளக் கூப்பிட்டே?" என்று கத்தினான் யோம். நாலு டிரைவர்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள். எனக்கு அவனை அங்கேயே நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது.

நம்சிக்கின் காது ரெண்டும் சிவந்துவிட்டன. "அவங்கள உக்கார வெச்சுகிட்டு வழுக்கினா?" என்றான், யாரிடம் என்று இல்லாமல். பொதுவாக அவன் பேசுவதற்கு அதுவே அதிகம்.

ஓக்புன் தாம்பாளத்தை இறக்கவே இல்லை. "எனக்குத் தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"போன வருஷம் பாதி மேட்டுல என் துண்டு பறந்து போச்சு. வண்டிய நிறுத்தச் சொல்லி எடுக்க இறங்கினேன். நான் ஏறிட்டேன்னு நெனச்சு இவரு நான் இல்லாமலே போயிட்டாரு. நான் இருக்கும்போதுகூட வண்டி அவ்வளவு ஜோரா ஏறினதில்ல."

"தெரிஞ்சுகிட்டா தினமும் ஏறினீங்க? எதுக்கு?" என்றான் யோம். அந்த மடையனுக்கு அது கேட்கத்தான் தோன்றும்.

"அவரு எதுக்குக் கூப்பிட்டாரோ அதுக்குத்தான்," என்றாள் ஓக்புன்.

அவள் நேராக நம்சிக்கைப் பார்த்தாள். "நாளைக்கு வெயில் வந்துடும் டிரைவரே. அப்புறம் என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?"

சொல்லித் தொலையேன்டா என்று என் மனசு அடித்துக்கொண்டது. அவன் டிக்கிப் பக்கம் போய் முதல் மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் நடந்தான். மூட்டையைக் கிழித்துச் சாலையில் மணலைக் கொட்டினான். திரும்பி வந்து அடுத்ததைத் தூக்கினான். எங்களுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் நானும் ஒரு மூட்டையைத் தூக்கினேன். யோமும் வாயைப் பொத்திக்கொண்டு ஒன்றைத் தூக்கினான். குதிரை முதுகின் முதல் வளைவு வரைக்கும் மணலைத் தூவிவிட்டோம்.

நம்சிக் வியர்வையோடு வந்து காலி டிக்கியை அவளுக்குக் காட்டினான்.

"இப்ப நெசமாவே ஏறாது," என்றான். "ஏறிக்குங்க. மேல போனப்புறம் இறங்கறதுக்கும் பாரம் வேணும். வெயில் வந்தாலும் வேணும். எப்பவுமே வேணும்."

அவன் வாழ்க்கையிலேயே அவ்வளவு நீளமாகப் பேசினது அன்றைக்குத்தான். ஓக்புன் தாம்பாளத்தோடு பின் சீட்டில் ஏறி வலது பக்கம் உட்கார்ந்தாள். நான் மண்வெட்டியோடு என் வண்டியில் பின்னாலேயே போனேன். மணல் முடிந்த இடத்தில் வண்டி கொஞ்சம் ஆடியது, பிறகு பிடித்துக்கொண்டது. பிரிந்து போவதற்காகச் செய்த அடையைக் கொட்டகையில் கல்யாண அடையாகத் தின்றார்கள். மத்தியான பஸ் அவள் இல்லாமல் போயிற்று.

பிறகு சுரங்கங்களை மூடினார்கள். ஊரில் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள், நானும்தான் என் மகள் வீட்டோடு வந்துவிட்டேன். அந்த ரெண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள். வண்டி மாற்றும்போதெல்லாம் நம்சிக் பின்சக்கர வண்டியாகவே தேடி வாங்கினான். குளிர்காலத்தில் சந்தைக்குப் போனாலும் சரி, ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, முன் சீட் காலியாக இருக்கும், ஓக்புன் பின்னால் வலது பக்கம் உட்கார்ந்திருப்பாள். பார்க்கிறவர்கள் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள்.

போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலம் நம்சிக் போய்விட்டான். கரித்தூசி அத்தனை வருஷம் கழித்து நெஞ்சைப் பிடித்துவிட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை. வருஷ நினைவு நாளுக்கு நான் போயிருந்தேன். வாசலில் அவன் வண்டி பனிக்குள் நின்றது. டிக்கியைத் திறந்து பார்த்தேன். ஒரு மணல் மூட்டைகூட இல்லை.

"ஏன் தங்கச்சி, இந்த வண்டிய என்ன பண்ணப் போறே? வித்துடலாமா?"

ஓக்புன் வண்டிமேல் கிடந்த பனியைத் துண்டால் தட்டிவிட்டு, பின் கதவைத் திறந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"பாரம் தயாரா இருக்கு அண்ணே," என்றாள். "ஓட்டறவருதான் இல்ல."

நான் முன்னால் ஏறிச் சாவியைத் திருகினேன். எஞ்சின் கொஞ்சம் இருமிவிட்டுக் கிளம்பியது. குதிரை முதுகு முழுக்கப் புதுப் பனி, ஒரு சக்கரத் தடம்கூட இல்லை. கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். சின்னப் பெண்ணைப் போல வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகத்தான் போனேன். வண்டி ஏறிவிட்டது.